விலை மாறும்போது பட்டியல் ஏன் துள்ளுகிறது? கைத்தொலைபேசிச் செயலிகளில் நிரைகளைப் புதுப்பிக்கும் முறை பற்றிய விளக்கம்

கொழும்புப் பங்குச் சந்தையில் வழமையான கொடுக்கல் வாங்கல் காலை 9.30க்குத் தொடங்கிப் பிற்பகல் 2.30க்கு முடிகிறது. அந்த ஐந்து மணி நேரமும் பங்கு விலைகள் விட்டு விட்டு மாறிக்கொண்டிருக்கும். இத்தகைய விலைகளைக் காட்டும் செயலி ஒன்று சரியாக எழுதப்படாதிருந்தால், பட்டியல் முழுவதும் ஒரு கணம் மங்கி மீளும். கீழே உருட்டிச் சென்ற இடத்திலிருந்து திரை மேலே தாவும். ஒரு பங்கைத் தொடப்போன விரலின் கீழே வேறொரு பங்கு வந்து நிற்கும். இவற்றுக்கு வலையமைப்பின் வேகக் குறைவையோ தொலைபேசியின் வயதையோ காரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலான வேளைகளில் கோளாறு அங்கில்லை. பட்டியலில் எது மாறியது என்பதைச் செயலி தன் திரைக்கு எப்படித் தெரிவிக்கிறது என்பதில்தான் அது இருக்கிறது.

விலைப் பட்டியல் இங்கு எடுத்துக்காட்டு மட்டுமே. கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் புகையிரதங்களின் நேரங்கள், உணவு விநியோகச் செயலியின் கட்டளைகள், அரட்டைச் செயலியின் செய்திகள் என எந்தப் பட்டியலுக்கும் கீழே வருபவை பொருந்தும். முதலில் அன்ட்ரொயிட்டை வைத்து விளக்கிவிட்டு, மற்றத் தளங்களுக்குப் பின்னர் செல்லலாம்.

ஒரு சட்டகத்துக்குக் கிடைக்கும் நேரம்

திரையில் காணும் அசைவு, அடுத்தடுத்து வரையப்படும் நிலையான படங்களால் ஆனது. அவ்வாறான ஒரு படம் ஒரு சட்டகம் எனப்படும். 60 ஹேர்ட்ஸ் திரையில் ஒரு செக்கனுக்கு 60 சட்டகங்கள் வரையப்படுவதால், ஒவ்வொன்றுக்கும் 16.67 மில்லிசெக்கன் கிடைக்கிறது. 90 ஹேர்ட்ஸ் திரையில் அது 11.1 ஆகவும், 120 ஹேர்ட்ஸ் திரையில் 8.3 ஆகவும் குறைந்துவிடுகிறது. விரல் தொட்டதை அறிவது, நிரைகளை அளப்பது, அவற்றை உரிய இடத்தில் வைப்பது, வரைவதற்கான கட்டளைகளைத் தயாரிப்பது ஆகிய எல்லாம் செயலியின் பிரதான இழையில், அதாவது திரைக்கான வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஓடுபாதையில், இந்த நேரத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தச் சட்டகம் தவறிப்போய், பழைய படமே மீண்டும் காட்டப்படுகிறது. பயனர் அதைத் தடுமாற்றமாக உணர்கிறார். விலை உயர்ந்த தொலைபேசியில் செயலி தானாகவே சீராக ஓடும் என்ற எண்ணம் இங்கு முழுமையாகப் பொருந்தாது. அதன் முறைவழியாக்கி (புரொசெசர்) வேகமானதுதான். ஆனால் அதன் திரை கேட்கும் கெடுவும் பாதியாகக் குறைந்திருக்கிறது.

மீள்பயன்பாடு என்ற ஏற்பாடு

இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்களைக் கொண்ட பட்டியலில், ஒரு வேளையில் திரையில் தெரிபவை பத்துப் பன்னிரண்டு நிரைகளே. ஆகையால் எந்தத் தளமும் இருநூறு நிரைகளுக்கும் திரையில் வரையப்படும் தனித்தனிப் பெட்டிகளை, அதாவது காட்சிப் பொருள்களை, உருவாக்கி வைப்பதில்லை. மேலே உருண்டு மறைந்த நிரையின் காட்சிப் பொருளை எடுத்து, அதில் புதிய தரவை நிரப்பி, கீழே கொண்டுவந்து வைக்கிறது. 2014இல் அன்ட்ரொயிட் 5.0 காலத்தில் வெளியான ‘ரீசைக்ளர்வியூ’ என்ற கூறு தன் பெயரையே இந்த வேலையிலிருந்து பெற்றது. அதற்கு முந்திய ‘லிஸ்ட்வியூ’வும் மீள்பயன்பாட்டை அறிந்திருந்தது, ஆனால் ஒரு நிரை மட்டும் மாறியது என்று அதற்குச் சொல்ல வழி இருக்கவில்லை.

இங்கு இரண்டு வேலைகளைப் பிரித்தறிவது அவசியம். காட்சிப் பொருளைப் புதிதாக ஆக்குவது ஒன்று. ஏற்கனவே உள்ள பொருளில் தரவை நிரப்புவது மற்றொன்று. முதலாவது பல மடங்கு செலவு மிக்கது, ஏனெனில் நிரையின் தளவமைப்பை விவரிக்கும் கோப்பைப் படித்து, அதிலுள்ள எழுத்துப் பெட்டிகளையும் படங்களையும் ஒவ்வொன்றாக உருவாக்க வேண்டியிருக்கிறது.

‘எல்லாம் மாறிவிட்டது’ என்ற ஒற்றைக் கட்டளை

புதிய விலைகள் சேவையகத்திலிருந்து வந்ததும் பெரும்பாலான செய்நிரலாளர்கள் முதலில் எழுதுவது ‘நொட்டிஃபை டேட்டா செட் சேஞ்ட்’ என்ற அழைப்பையே. தரவு முழுவதும் மாறியிருக்கலாம், நீயே பார்த்துக்கொள் என்பது அதன் பொருள். இந்த அழைப்பு இருநூறு நிரைகளையும் மீண்டும் நிரப்புகிறது என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று, திரையில் தெரியும் நிரைகளே மீண்டும் நிரப்பப்படுகின்றன. அப்படியானால் இழப்பு எங்கே?

1. நிரைகளுக்கு நிலையான அடையாள இலக்கம் கொடுக்கப்படாதிருந்தால், தெரிந்துகொண்டிருந்த எல்லாக் காட்சிப் பொருள்களும் செல்லாதவை எனக் குறிக்கப்பட்டு மீள்பயன்பாட்டுத் தொகுதிக்கு அனுப்பப்படுகின்றன. அத்தொகுதி ஒரே வகை நிரைகளில் ஐந்தை மட்டுமே வைத்துக்கொள்ளும். மாற்றப்படாத வரை அதன் கொள்ளளவு அதுதான். திரையில் பன்னிரண்டு நிரைகள் இருந்தால் ஐந்து தப்பிக்கும். மற்ற ஏழும் கைவிடப்பட்டு, அந்தக் கணமே புதிதாக ஆக்கப்படும். ஒரு பங்கின் விலை பத்துச் சதத்தால் மாறியதற்கு ஏழு நிரைகளைப் புதிதாகக் கட்டுகிறோம்.

2. எந்த நிரை எங்கே சென்றது என்ற தகவல் இல்லாததால் அசைவூட்டம் எதையும் காட்ட முடியாது. நிரைகள் நகர்வதில்லை, ஓரிடத்தில் மறைந்து வேறிடத்தில் தோன்றுகின்றன.

3. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வைக் குறைபாடுள்ளவரின் நிலை இன்னும் சங்கடமானது. அவரது கவனம் நின்ற காட்சிப் பொருளே அகற்றப்படும்போது, வாசிப்பு அறுந்து வேறெங்கோ தொடங்கக்கூடும். சீரான திரை பற்றிய உரையாடல்களில் இந்தக் காரணம் அரிதாகவே பேசப்படுகிறது; உண்மையில் அது முதலில் பேசப்பட வேண்டியது.

மாறிய இடம் உறுதியாகத் தெரிந்திருந்தால், ‘ஐந்தாம் நிரை மாறியது’, ‘எட்டாம் இடத்தில் ஒன்று சேர்ந்தது’ என்று தனித்தனியே அறிவிக்கும் அழைப்புகள் உள்ளன. பயனரின் ஒரு தொடுகையால் ஒரு நிரை மாறும் இடங்களில் அவையே போதும். சேவையகத்திலிருந்து முழுப் பட்டியலும் ஒரே கொத்தாக வரும்போது அவ்வாறு கணக்கு வைப்பது கடினம். கணக்கு ஒன்றால் பிசகினாலும், அறிவித்த எண்ணிக்கையும் உண்மையான எண்ணிக்கையும் முரண்பட்டுச் செயலி செயலிழந்துவிடும்.

அடையாளமும் உள்ளடக்கமும்

பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கணினியே கண்டுபிடிக்க வேண்டுமானால், ஒவ்வோர் உருப்படியைப் பற்றியும் இரண்டு கேள்விகளுக்கு நாம் விடை சொல்ல வேண்டும். இவ்விரண்டும் அதே உருப்படியா? அதே உருப்படியானால், காட்டப்படும் விடயங்கள் ஒன்றாகவே உள்ளனவா? அன்ட்ரொயிட்டின் ‘டிஃப்யூட்டில்’ என்ற கருவியில் இவை ‘ஆர் ஐட்டம்ஸ் த சேம்’, ‘ஆர் கொன்டென்ட்ஸ் த சேம்’ என்னும் இரு செயற்கூறுகளாக வருகின்றன. பாடசாலைப் பதிவேட்டில் மாணவியின் வகுப்பும் முகவரியும் ஆண்டுதோறும் மாறலாம், சேர்விலக்கம் மாறாது. முதற்கேள்வி அந்தச் சேர்விலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

எளிதாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் மிகுதியான வழுக்கள் பிறக்கின்றன. நமது விலைப் பட்டியலில் நிறுவனத்தின் பெயரை அடையாளமாகக் கொள்ளலாமா? கொள்ள முடியாது. கொமர்ஷல் வங்கி, ஹட்டன் நெஷனல் வங்கி போன்றவை வாக்குரிமையுள்ள பங்கு, வாக்குரிமையற்ற பங்கு என இருவகைப் பங்குகளைப் பட்டியற்படுத்தியுள்ளன. முதல்வகையின் குறியீட்டில் ‘என்’ எழுத்தும் இரண்டாம் வகையில் ‘எக்ஸ்’ எழுத்தும் வரும். பெயர் ஒன்று, விலை இரண்டு. பெயரை அடையாளமாகக் கொண்ட செயலி இவ்விரு நிரைகளையும் குழப்பி, ஒன்றின் விலையை மற்றொன்றின் மாற்றமாகக் கருதிவிடும். முழுக் குறியீடே அங்கு உரிய அடையாளம். நிரையின் இடத்தை, அதாவது பட்டியலில் எத்தனையாவது என்பதை, அடையாளமாகக் கொள்வது அதைவிட மோசமானது: உச்சியில் ஒரு நிரை சேர்ந்தால் அதன் கீழுள்ள அனைத்தும் மாறிவிட்டதாகப் பொருள்படும்.

இரண்டாம் கேள்வியிலும் ஒரு பொறி உண்டு. அன்ட்ரொயிட் செயலிகள் எழுதப்படும் கொட்லின் நிரல்மொழியில், ஓர் உருப்படியின் விவரங்களை (புலங்களை) தொகுத்து வைக்கும் ‘தரவு வகுப்புகள்’ தம் முதன்மைப் புலங்கள் எல்லாவற்றையும் ஒப்பிடும் சமன்பாட்டைத் தாமாகவே தருவதால், உள்ளடக்க ஒப்பீட்டை அதனிடமே விட்டுவிடுவது வசதியாக இருக்கிறது. சேவையகம் ஒவ்வொரு விடையிலும் ‘கடைசியாகப் பெற்ற நேரம்’ என்ற புலத்தையும் அனுப்பினால் என்ன ஆகும்? திரையில் எங்கும் காட்டப்படாத அந்தப் புலம் ஒவ்வொரு முறையும் மாறுவதால், விலை மாறாத பங்குகளும் மாறியவையாகவே தோன்றும். ஒப்பீட்டைச் செய்து முடித்த பின்னரும் எல்லா நிரைகளும் மீண்டும் நிரப்பப்படும். ஒப்பிட்ட செலவு வீண். ஆகவே திரைக்கென்று தனி வகுப்பொன்றை வைத்து, திரையில் தெரிபவற்றை மட்டும் அதில் இடுவதே நல்ல பழக்கம். விலையை ‘ரூ. 1,245.50’ என்ற வடிவில் முன்னரே எழுத்தாக்கி அதில் வைத்துவிட்டால், நிரப்பும் வேளையில் எண்ணை வடிவமைக்கும் வேலையும் மிச்சமாகிறது.

ஒப்பீட்டின் விலை

டிஃப்யூட்டில் 2016இல் வெளியானது. அதன் உள்ளே இயங்குவது யூஜின் மயர்ஸ் 1986இல் வெளியிட்ட வேறுபாடு காணும் அல்கோரிதம். மென்பொருள் பொறியியலாளர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ‘கிட்’ கருவி இரு கோப்புகளின் வேறுபாட்டைக் காட்டுவதும் இயல்பாக இதே வழியில்தான். பழைய பட்டியலைப் புதியதாக மாற்றுவதற்குத் தேவையான மிகக் குறைந்த சேர்த்தல்களையும் நீக்கங்களையும் இது தேடுகிறது. இதன் நேரச் செலவு, பட்டியலின் நீளத்தோடு நேர்விகிதத்திலும், வேறுபாடுகளின் எண்ணிக்கையோடு அதன் வர்க்கத்திலும் வளர்கிறது. நீளமான பட்டியலில் சில மாற்றங்கள் என்றால் மலிவு. மாற்றங்கள் பெருகினால் செலவு வேகமாக ஏறும்.

கூகுளின் ஆவணத்தில் நெக்ஸஸ் 5எக்ஸ் தொலைபேசியில் எடுத்த அளவீடுகள் தரப்பட்டுள்ளன. 1000 உருப்படிகளில் 50 மாற்றங்களுக்குச் சராசரியாக 4.67 மில்லிசெக்கன் சென்றது. 200 மாற்றங்களுக்கு 27.07 மில்லிசெக்கன். அந்த 200 மாற்றங்களையே, இடம்பெயர்வைத் தேடும் கட்டத்தை நிறுத்திவிட்டுச் செய்தபோது 13.54 மில்லிசெக்கனில் முடிந்தது. மேலே சொன்ன 16.67 என்ற எல்லையோடு இவற்றை ஒப்பிட்டால் இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. ஒன்று, ஒப்பீட்டைப் பிரதான இழையில் செய்யக் கூடாது. தரவைப் பட்டியலின் நிரைகளாக்கிக் கொடுக்கும் அடாப்டர்களில் ஒன்றான ‘லிஸ்ட்அடாப்டர்’ என்ற வகுப்பு அதைப் பின்னணி இழையில் செய்து, விளைவை மட்டும் பிரதான இழைக்குக் கொண்டுவருகிறது. மற்றொன்று, பட்டியலின் வரிசை ஒருபோதும் மாறாதென்றால், உதாரணமாகப் பங்குகள் எப்போதும் அகரவரிசையிலேயே காட்டப்படுகின்றன என்றால், இடம்பெயர்வுத் தேடலை நிறுத்திவிடலாம். லிஸ்ட்அடாப்டரில் அந்தத் தேடல் எப்போதும் இயங்குவதால், அதை நிறுத்த விரும்புவோர் டிஃப்யூட்டிலை நேரடியாக அழைக்க வேண்டியிருக்கும்.

லிஸ்ட்அடாப்டரிடம் ‘சப்மிட் லிஸ்ட்’ மூலம் பட்டியலைக் கொடுத்தும் திரை மாறவில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி எழுவது. அதன் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஏற்கனவே கொடுத்த அதே பட்டியற் பொருளுக்குள் விலையை மாற்றிவிட்டு, அதையே மீண்டும் கொடுத்திருப்பார்கள். கொடுக்கப்பட்டது அதே பொருள் என்று கண்டதும் லிஸ்ட்அடாப்டர் ஒப்பீட்டையே தொடங்காமல் திரும்பிவிடுகிறது. பட்டியலைப் பிரதியெடுத்தாலும், உள்ளிருக்கும் உருப்படிகளையே திருத்தியிருந்தால் பயனில்லை. பழையதும் புதியதும் ஒரே உருப்படியைச் சுட்டுவதால், ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய விலை எங்கும் எஞ்சியிருக்காது. மாறிய உருப்படிக்குப் புதிய பொருளும், அதைக் கொண்ட புதிய பட்டியலும் என்பதே விதி.

நிரைக்குள் ஒரு பகுதி மட்டும்

அடையாளமும் ஒப்பீடும் சரியாக அமைந்த பின்னரும் மினுக்கம் தொடரலாம். ஒரு நிரை மாறியதென்று அறிவிக்கப்படும்போது, ரீசைக்ளர்வியூவின் இயல்பான அசைவூட்டி அந்த நிரைக்கு இரண்டாவது காட்சிப் பொருளொன்றை எடுத்து, பழையதை மங்கச் செய்து புதியதைத் தெளியச் செய்கிறது. இதற்கு 250 மில்லிசெக்கன் ஆகிறது. சந்தை திறந்த வேளையில் ஒரு பங்கின் விலை அதைவிட விரைவாக மாறினால், ஓர் அசைவூட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்கி, நிரை ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும்.

இதற்குரிய தீர்வு ‘பேலோட்’ எனப்படும் துணைத்தகவல். உள்ளடக்கம் மாறியுள்ளது என்று தெரிந்தபின், என்ன மாறியது என்ற மூன்றாம் கேள்வியையும் டிஃப்யூட்டில் கேட்கிறது. ‘விலை மட்டும்’ என்று விடை கொடுத்தால், நிரப்பும் செயற்கூற்றுக்கு அந்தக் குறிப்பு வந்து சேரும். விலைப் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடலாம். பேலோட் இருக்கும்போது இயல்பான அசைவூட்டி அதே காட்சிப் பொருளையே வைத்துக்கொள்வதால், மங்கித் தெளியும் விளைவும் நீங்கிவிடுகிறது. ஓர் எச்சரிக்கை: நிரை அந்த வேளையில் திரையில் இல்லாவிட்டால் இந்தக் குறிப்பு கைவிடப்படலாம். ஆகையால் குறிப்பு வெறுமையாக வரும்போது நிரை முழுவதையும் நிரப்பும் வழி எப்போதும் இருக்க வேண்டும்.

தமிழிலும் சிங்களத்திலும் நிரைகளைக் காட்டும் செயலிகளுக்கு இதில் கூடுதல் ஆதாயம் உண்டு. ‘கொ’ என்பது ஒருங்குறியில் இரண்டு குறிகளாகச் சேமிக்கப்பட்டாலும், வரையும்போது கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாகப் பிரிந்து, கொம்பு முன்னே வந்து அமர வேண்டும். இந்த ஒழுங்குபடுத்தலை ‘ஹார்ஃப்பஸ்’ என்ற மென்பொருள் நூலகம் செய்கிறது. அளக்கப்பட்ட சொற்களை அன்ட்ரொயிட் நினைவில் வைத்துக்கொள்வதால் இது ஒவ்வொரு முறையும் முழுமையாக நிகழ்வதில்லை. ஆயினும் வரிகளைப் பிரித்து உயரத்தைக் கணக்கிடும் வேலை எஞ்சுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் நிறுவனப் பெயர் தமிழில் இரண்டு வரிகளுக்கு நீள்வது சாதாரணம். விலை மாறும் ஒவ்வொரு தடவையும் அந்த நீண்ட பெயரையும் மீண்டும் எழுதுவானேன்?

விலைப் பெட்டிக்கு நிலையான அகலம் கொடுப்பதும் பயன் தரும். உள்ளடக்கத்துக்கேற்ப அகலம் மாறும் எழுத்துப் பெட்டியில் புதிய எழுத்தை இட்டால், அது தன்னை உள்ளடக்கிய பெற்றோர்ப் பெட்டிகள் அனைத்தையும் மீண்டும் அளக்கச் சொல்லும். அகலம் நிலையாக இருந்து உயரமும் மாறாவிட்டால், அந்தப் பெட்டியை மட்டும் மீண்டும் வரைவதோடு வேலை முடிகிறது. வடிவமைப்பாளரின் முடிவாகத் தோன்றும் ஒன்று, செயலியின் வேகத்தை இவ்வாறு தீர்மானிக்கிறது.

மற்றத் தளங்களில்

அன்ட்ரொயிட்டிலேயே திரைகளை ஆக்கும் புதிய முறையான, 2021 ஜூலையில் முதல் நிலையான பதிப்பாக வெளியான ‘ஜெட்பெக் கம்போஸ்’இல் அடாப்டர் இல்லை, டிஃப்யூட்டிலும் இல்லை. அதனால் அடையாளக் கேள்வி தீர்ந்துவிட்டது என்று எண்ணுவது தவறு. ‘லேசிகொலம்’ என்ற பட்டியலில் ஒவ்வோர் உருப்படிக்கும் அதன் அடையாளத்தைச் சுட்டும் திறவுச்சொல் கொடுக்காவிட்டால், இடமே அடையாளமாகிவிடும். உச்சியில் ஒன்று சேரும்போது, விரித்து வைத்திருந்த நிரையின் விரிந்த நிலை அதற்கு மேலிருந்த நிரைக்குத் தாவிவிடும். திறவுச்சொல் கொடுத்தால் உருட்டிய இடமும் பேணப்படுகிறது. மேலும், மாறாத நிரைகளை மீண்டும் ஆக்காமல் தவிர்க்க வேண்டுமானால் அவற்றின் தரவு வகுப்பு நிலைத்தன்மை உடையதெனத் தொகுப்பி (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) அறிய வேண்டும். எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட, மாற்ற முடியாத வகுப்பு அவ்வாறு கொள்ளப்படும். அதற்குள் ஒரு பட்டியலை வைத்தவுடன் அந்தத் தகுதி போய்விடும். கொட்லின் 2.0.20 முதல் நிலைத்தன்மையற்ற வகுப்புகளுக்கும் தவிர்ப்பு உண்டு. ஆனால் அங்கு பார்க்கப்படுவது அதே பொருளா என்பதே. சேவையகத்தின் ஒவ்வொரு விடையிலிருந்தும் எல்லா உருப்படிகளையும் புதிதாக ஆக்கும் செயலிக்கு அது உதவாது.

அப்பிள் தளத்தில் 2019இன் ஐஓஎஸ் 13 ‘டிஃபபிள் டேட்டா சோர்ஸ்’ என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அங்கும் அதே தவறு வேறு உருவில் வரும்: குறியீட்டுக்குப் பதிலாக முழு உருப்படியையும் அடையாளமாகக் கொடுத்தால், விலை மாறும்போது பழைய பங்கு நீங்கிப் புதிய பங்கொன்று சேர்ந்ததாக அது கொள்ளும். 2021இன் ஐஓஎஸ் 15 முதல் உள்ள ‘ரீகொன்ஃபிகர் ஐட்டம்ஸ்’ அழைப்பு, இருக்கும் நிரையை மாற்றாமல் அதன் உள்ளடக்கத்தை மட்டும் புதுப்பிக்கிறது. இரு தளங்களுக்கும் ஒரே நிரலால் செயலி எழுத உதவும் ரியக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் ஆகியவற்றிலும் ‘கீ’ என்ற பெயரில் இதே பொறுப்பு செய்நிரலாளரிடமே இருக்கிறது.

எத்தனை முறை, எந்த வரிசையில்

இதுவரை சொன்னவை ஒரு புதுப்பிப்பை மலிவாக்கும் வழிகள். புதுப்பிப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அதைவிடப் பெரிய ஆதாயம் தரக்கூடும். சேவையகம் ஒரு செக்கனில் முப்பது விலைகளை அனுப்பினாலும் மனிதக் கண்ணால் அவற்றைத் தனித்தனியே படிக்க முடியாது. அவற்றைச் சேர்த்து வைத்து, கால் செக்கனுக்கோ அரைச் செக்கனுக்கோ ஒருமுறை கடைசி நிலையை மட்டும் திரைக்குக் கொடுப்பது போதும். லிஸ்ட்அடாப்டரும் தன் பங்குக்கு, ஓர் ஒப்பீடு முடியுமுன் புதிய பட்டியல் வந்துவிட்டால் பழைய ஒப்பீட்டின் விளைவைக் கைவிட்டுவிடுகிறது. ஆனால் அதற்குச் செலவான வேலை செலவானதுதான்.

வரிசை பற்றிய முடிவு தொழில்நுட்பத்தையும் தாண்டியது. ‘அதிகம் ஏறியவை முதலில்’ என்று ஒழுங்கமைக்கப்பட்ட பட்டியலில், ஒவ்வொரு விலை மாற்றமும் நிரைகளை இடம்பெயர்க்கிறது. அசைவூட்டம் எவ்வளவு நயமாக இருந்தாலும், விரல் இறங்கும் கணத்தில் நிரை நகர்ந்தால் பயனர் தொடுவது வேறு பங்கை. பணம் சம்பந்தப்பட்ட திரையில் அது வெறும் எரிச்சலோடு முடியாது. ஆகவே பின்வரும் ஒழுங்கையே இக்கட்டுரை பரிந்துரைக்கிறது:

1. விரல் திரையில் இருக்கும்போதும், பட்டியல் உருண்டுகொண்டிருக்கும்போதும் விலைகளை மட்டும் மாற்றுக. வரிசையை மாற்றாது விடுக.
2. புதிய வரிசை தயாராக இருப்பதை மேலே சிறு பொத்தானொன்றால் தெரிவித்து, பயனர் தொட்டபின் மாற்றுக.
3. வாங்கும் திரைக்குச் செல்லும்போது நிரையின் இடத்தை ஒருபோதும் எடுத்துச் செல்லாது, தொடப்பட்ட பங்கின் குறியீட்டையே எடுத்துச் செல்க.

அளந்து பார்த்தல்

அன்ட்ரொயிட்டின் செய்நிரலாளர் தெரிவுகளில் உள்ள வரைபு அளவிப் பட்டைகள், 16 மில்லிசெக்கன் கோட்டைத் தாண்டும் சட்டகங்களை உடனே காட்டிவிடும். கம்போஸைப் பயன்படுத்துவோர் ‘லேஅவுட் இன்ஸ்பெக்டர்’ கருவியில் ஒவ்வொரு கூறும் எத்தனை தடவை மீண்டும் ஆக்கப்பட்டது, எத்தனை தடவை தவிர்க்கப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பார்க்கலாம். ஒரு விலை மாறும்போது பன்னிரண்டு நிரைகளின் எண்ணிக்கையும் ஏறினால், தவறு திறவுச்சொல்லிலோ வகுப்பின் நிலைத்தன்மையிலோ இருக்கிறது. வேகத்தை அளக்கும்போது, செய்நிரலாளர் வழுக்களைத் தேடப் பயன்படுத்தும் வழுநீக்கப் பதிப்பை நம்பக் கூடாது. குறிப்பாக கம்போஸ் அந்தப் பதிப்பில் கணிசமாக மெதுவாக ஓடும். வெளியீட்டுப் பதிப்பை, இலக்குப் பயனர்கள் வைத்திருக்கும் விலையிலுள்ள ஒரு தொலைபேசியில், சந்தை திறந்திருக்கும் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதே உரிய சோதனை.

எட்டோ பத்தோ நிரைகள் கொண்ட, எப்போதாவது மாறும் அமைப்புகள் (‘செட்டிங்ஸ்’) பக்கத்துக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அங்கு ‘எல்லாம் மாறிவிட்டது’ என்ற கட்டளையே போதும்.